பிகேஏ: துணையலகுகளைத் தனித்தனியே படித்தால் வரும் தவறுகள்

பிகேஏ (புரோட்டீன் கைனேஸ் ஏ) என்ற நொதியைப் பாடப்புத்தகங்கள் ஒரே படத்தில் முடித்துவிடுகின்றன. ஒழுங்குபடுத்தும் துணையலகு இரண்டு, அதை ‘ஆர்’ என்போம். வினையூக்கத் துணையலகு இரண்டு, அது ‘சி’. செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி வந்து ஆர்-இல் ஒட்டுகிறது, சி விடுபட்டு மற்ற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. படம் சரிதான். ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் நுழைபவர்கள், ஆர் என்பது சி-க்குப் போட்ட பூட்டு, அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான், மற்ற பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. நொதி செல்லில் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதே ஆர்தான்.

எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆர் சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள சுமார் 45 அமினோ அமிலங்கள் சி-யைத் தொடுவதற்காக அமைந்தவை அல்ல. இரண்டு ஆர்-கள் எதிரெதிர்த் திசையில் படுத்து, இந்தப் பகுதியால் நான்கு சுருள்கள் கொண்ட ஒரு கட்டாகச் சேர்கின்றன. அந்தக் கட்டின் மேல் நீரை வெறுக்கும் பள்ளம் ஒன்று உருவாகிறது. பிகேஏ-வைச் செல்லின் குறிப்பிட்ட இடத்தில் கட்டிவைக்கும், ஏகேப் எனப்படும் நங்கூரப் புரதங்களிலுள்ள ஒரு சுருள் வந்து அமர்வது அந்தப் பள்ளத்தில்தான். இரு கைகளையும் சேர்த்துக் குவித்தால்தான் தண்ணீர் நிற்கும் என்பது போல, தனி ஆர் ஒன்றுக்கு இந்தப் பள்ளம் கிடையாது. இணை சேர்ந்த பிறகே முகவரி பிறக்கிறது. ஆகவே ஆர் ஒன்றுக்கு ஏகேப் ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு ஆர்-களுக்குத்தான் ஒரு ஏகேப்.

படிகமாக்க வசதியாக இந்தத் தொடக்கப் பகுதியை வெட்டிவிட்டுச் செய்த ஆய்வுகள் நிறைய உண்டு. ஆர்-இல் ஆர்1 ஆல்ஃபா, ஆர்1 பீட்டா, ஆர்2 ஆல்ஃபா, ஆர்2 பீட்டா என நான்கு வகை உண்டு. 2005-இல் வந்த, ஆர்1 ஆல்ஃபாவும் சி-யும் சேர்ந்த கூட்டமைப்பின் படம் அப்படிப்பட்டது. தடுப்பு எப்படி நடக்கிறது என்பதை அது அழகாகக் காட்டியது. ஆனால் அதில் இணையும் இல்லை, நங்கூரமும் இல்லை. 2012-இல் ஆர்2 பீட்டாவின் முழு நான்கலகு அமைப்பு வெளிவந்தபோது, இரு பாதிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆர்-இன் வகை மாறினால் இந்த அடுக்கும் மாறுகிறது. எனவே வெட்டிய துண்டின் படத்தை முழு நொதியின் படமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, ‘ஆர்1 சைட்டோபிளாசத்தில், ஆர்2 சவ்வில்’ என்ற மனப்பாடம். பொதுப்போக்காக இதில் உண்மை இருக்கிறது. விதியாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். இந்த எண்ணம் வேரூன்றியதில் பழைய செய்முறைக்கும் பங்குண்டு. ஏகேப்களைத் தேடியவர்கள் புரதங்களைத் தாளில் பதித்து, அதன் மேல் ஆர்2-ஐ ஊற்றி எது ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். ஆர்2-ஐக் கொண்டு தேடினால் ஆர்2-ஐப் பிடிப்பவைதானே கிடைக்கும்! 1990-களின் பிற்பகுதியில் இரு வகையையும் பிடிக்கும் ஏகேப்கள் தெரியவந்தன. அவற்றில் டி-ஏகேப்1 என்பது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நிற்பது.

ஒளிரும் புரதத்தை எந்த முனையில் ஒட்டுகிறோம் என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இருப்பிடத்தைத்தான் பார்க்கப் போகிறோம் என்றால் அதை முதலில் யோசிக்க வேண்டும். ஆர்-இன் முன்முனையில் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தை ஒட்டினால் அது இணைசேரும் பகுதிக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். சி-யின் முன்முனையில் ஒட்டினால் அங்கே சேர வேண்டிய மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சேராது, ஏனென்றால் அதற்குக் கிளைசின் என்ற அமினோ அமிலம் முனையில் இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் பின்முனைதான் பாதுகாப்பான தேர்வு. அப்புறம் அளவு. ஆர்-ஐ அள்ளிக் கொட்டினால் இருக்கும் ஏகேப்கள் எல்லாம் நிரம்பி, மிச்சம் செல் முழுக்க மிதக்கும். அந்தப் படத்தைப் பார்த்து ‘இது சைட்டோபிளாசப் புரதம்’ என்று எழுதிவிடுவார்கள்.

ஒரு துணையலகை நீக்கினால் அது மட்டும்தான் போகும் என்று நம்புவதும் தவறு. ஆர்2 பீட்டா இல்லாத எலிகளைப் பற்றி 1996-இல் வந்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். அவற்றின் பழுப்புக் கொழுப்பில் ஆர்1 ஆல்ஃபா அதிகரித்து அந்த இடத்தை நிரப்பியது. ஆனால் ஆர்1 கொண்ட நொதி குறைந்த சைக்ளிக் ஏஎம்பி-க்கே விழித்துக்கொள்ளும். அதனால் நொதியின் அடிப்படைச் செயல்பாடு கூடியது. அந்த எலிகள் மெலிந்தும் இருந்தன. ஆகவே ஒன்றை நீக்கும்போது மற்ற மூன்று ஆர் வகைகளையும் அளந்து பாருங்கள்.

நங்கூரத்தை அறுக்க எச்டி31 பெப்டைடை, அதாவது ஏகேப்பின் சுருளைப் போலவே ஆர் இணையின் பள்ளத்தில் அமர்ந்து ஏகேப்பை விலக்கும் சிறு புரதத் துண்டை, பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு சொல். அது ஆர்2-ஐ அதிகம் விரும்பும், ஆனால் ஆர்1-ஐயும் விட்டுவைக்காது. ஆர்1-க்கென்றே ‘ரியாட்’ என்ற பெப்டைடு இருக்கிறது. ஒப்பீட்டுக்கு வெறும் கரைசல் போதாது. புரோலின் என்ற அமினோ அமிலத்தைப் புகுத்திச் சுருள் உடைக்கப்பட்ட எச்டி31 வடிவத்தையே அதே அளவில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் தெரிந்த மாற்றம் நங்கூரம் அறுந்ததால் வந்ததா, பெப்டைடு உள்ளே போனதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.