பெட்டிக்குள் பெட்டி: 4×5 அங்குலக் கேமராவை வீட்டில் செய்வது

பெரிய வடிவக் கேமரா, அதாவது 4×5 அங்குலம் போன்ற பெரிய பிலிம் தாளில் படமெடுக்கும் கேமரா, என்றதும் மடிந்து விரியும் துருத்தியும் பித்தளைத் திருகுகளும் நினைவுக்கு வந்து பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் 1839இல் பாரிசில் டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறைக்காக விற்பனைக்கு வந்த கேமராவில் துருத்தியே கிடையாது. ஒரு மரப்பெட்டிக்குள் இன்னொன்று முன்னும் பின்னும் நகர்ந்தது, அவ்வளவுதான். அதே அமைப்பைப் பின்பற்றினால் தச்சுப் பழக்கம் இல்லாதவரும் கேமரா செய்துவிடலாம்.

லென்ஸுக்கு 150 மி.மீ. குவியத் தூரமுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தொலைவில் உள்ள மரத்தின் உருவத்தைச் சுவரில் கூர்மையாக விழச்செய்து, கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் குவியத் தூரம் தெரிந்துவிடும். 6 மி.மீ. ப்ளைவுட்டில், தலா 12 செ.மீ. நீளமுள்ள இரு பெட்டிகளை ஒன்றினுள் ஒன்று நகரும்படி செய்ய வேண்டும். உள்பெட்டியின் உள்ளளவு 11×14 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தொலைவுக் காட்சிக்கு லென்ஸிலிருந்து பிலிம் 150 மி.மீ. தூரத்திலும், ஒரு மீட்டரில் அமர்ந்திருப்பவருக்கு ஏறத்தாழ 176 மி.மீ. தூரத்திலும் இருக்க வேண்டும் என்பதால், இந்த நீளத்தில் எப்போதும் 6 செ.மீ.க்கு மேல் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். உட்புறம் முழுவதும் பளபளப்பற்ற கருப்பு வண்ணம் பூசி, இரு பெட்டிகளுக்கும் இடையே கருப்பு வெல்வெட் ஒட்டினால் ஒளி கசியாது.

உண்மையில் கவனம் தேவைப்படுவது பின்பக்கம்தான். பிலிமை ஒளி படாமல் வைத்திருக்கும் பழைய 4×5 பிலிம் ஹோல்டர் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. அதைச் சொந்தமாகச் செய்ய முயல்வது வீண் உழைப்பு. ஹோல்டரின் முகப்பிலிருந்து சுமார் 5 மி.மீ. உள்ளே பிலிம் அமர்கிறது. ஆகவே ஹோல்டர் வந்து அமரும் அதே சட்டத்தின் முகப்பிலிருந்து, உருவத்தைப் பார்த்துக் கூர்மையாக்குவதற்கு ஹோல்டருக்குப் பதிலாக வைக்கும் மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கமும் அதே 5 மி.மீ. பின்னால், லென்ஸை நோக்கி அமைய வேண்டும். உங்கள் ஹோல்டரை வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்த்துவிட்டே கண்ணாடியைப் பொருத்துங்கள். இந்த அளவில் சிறு பிசகு நேர்ந்தால், லென்ஸுக்கு முன் வைக்கப்போகும் சிறிய துளை அதை ஓரளவு மன்னிக்கும். பின்னாளில் நல்ல லென்ஸ் மாட்டினால் மன்னிக்காது. மங்கல் கண்ணாடியை வீட்டிலேயே செய்யலாம்: சாதாரணக் கண்ணாடியின் மீது 400 எண் சிலிக்கான் கார்பைடு தூளைத் தண்ணீருடன் இட்டு, சிறு கண்ணாடித் துண்டால் வட்டமாகத் தேய்த்து, பிறகு 600 எண் தூளால் முடிக்க வேண்டும்.

லென்ஸுக்கு முன் 5 மி.மீ. துளையிட்ட கருப்பு அட்டையை வைத்தால் எஃப் 30, அதாவது குவியத் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள துளை, கிடைக்கிறது. ஒற்றைக் கண்ணாடி வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு தூரத்தில் குவிக்கும். கண் பச்சையை வைத்துக் குவிக்க, நீல ஒளியையே அதிகம் உணரும் புகைப்படத் தாளுக்குரிய குவியமோ இரண்டு மி.மீ. அளவு முன்னாலேயே விழுந்துவிடும். அட்டையை எடுத்துவிட்டுத் தலையில் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் உருவத்தைக் கூர்மையாக்கிய பின், பெட்டியை அந்த அளவு உள்ளே தள்ளி அட்டையைத் திரும்ப வையுங்கள்.

தொடக்கத்தில் பிலிமைவிடக் கருப்பு வெள்ளைத் தாளே சிறந்தது: சிவப்பு விளக்கில் வெட்டலாம், விலையும் குறைவு. அதன் வேகத்தை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஐ.எஸ்.ஓ. 6 என்று கொண்டால், எஃப் 30இல் வெயிலில் அரை வினாடிக்குச் சற்று அதிகமாகவும், திறந்த நிழலில் ஐந்து வினாடியளவும் தேவை. நிழலே நல்லது, வெயிலில் தாளில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மிகக் கடுமையாகிவிடும், லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி மாட்டுவதற்கும் நேரம் போதாது. ஹோல்டரில் தாளை மறைத்திருக்கும் மூடுதகட்டை உருவுவதற்கு முன் லென்ஸ் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நான் அதை மறந்து கெடுத்த தாள்கள் கொஞ்சமல்ல.

படம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். தாளை ஏற்றி, லென்ஸை மூடி, மூடுதகட்டை உருவிவிட்டுக் கேமராவை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து, பின் டெவலப் செய்யுங்கள். தாள் வெள்ளையாக வந்தால் பெட்டி தயார். கருங்கோடு தெரிந்தால், அது எந்த ஓரத்தில் விழுந்ததோ அங்கே எதிரிலுள்ள மூட்டில் கசிவைத் தேட வேண்டும்.