வன்னியில் சாவும் துக்கமும்: உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ." முற்றிய புற்றுநோயாளியின் வீட்டார் வைத்தியசாலையில் இதைக் கேட்டதும் வைத்தியமே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு அங்கேதான். நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். ஆனால் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண், பயம் எல்லாவற்றுக்கும் கடைசி நாள்வரை செய்ய நிறைய இருக்கிறது. வலி கூடினால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒருதரம், இரவில் மோசமானால் யாரைக் கூப்பிடுவது, பக்கத்து வைத்தியசாலையில் அதே மருந்து கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின் மருந்து என்றால் பலருக்குப் பயம். "அதைக் கொடுத்தால் கெதியில் போய்விடுவார்", "அடிமையாகிவிடுவார்" என்று சொல்லி, வலியில் துடிப்பவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க விடுகிறார்கள். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. தாங்க முடியாமல் வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பதே நல்லது. முதல் சில நாட்கள் தூக்கம் வரும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் விடாது. அதனால் மலம் இளக்கும் மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

"கிளினிக்குக்கு ஒழுங்காக வரவில்லை" என்று நோயாளியைக் குறை சொல்வது இன்னொரு தவறு. புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றால் பரந்தன் வரை ஒரு பயணம், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. முதுகெலும்பில் நோய் பரவியவர் பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலையும் எண்ணிக்கொண்டு வருவார். கூட வரும் மகளுக்கு அன்றைய கூலி போய்விடும். வீட்டில் உழைக்கும் ஆள் அவள் ஒருத்தி என்றால் அடுத்த கிளினிக் தானாகவே தவறும். இந்தக் குடும்பத்துக்குப் பொறுமையைப் பற்றிப் புத்தி சொல்வதில் என்ன பயன்? வாகனத்துக்கு ஒழுங்கு செய்யுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் நோயாளியோடு இருந்து அவளை வேலைக்கு விடுங்கள்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் நடக்கும் தவறு. "எத்தனை வருசமாச்சு, அந்தியேட்டியைச் செய்துவிட்டு ஆறுங்கோ" என்று, செத்தவருக்குச் செய்யும் கிரியையைச் செய்யும்படி நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். போர் முடிந்த 2009 மே மாதத்தில் முல்லைத்தீவு வட்டுவாகல் பக்கம் மகனை இராணுவத்திடம் கையளித்த தாயிடம் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்ல எங்களில் யாருக்கும் உரிமையில்லை. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் போராட்டத்தில் உட்கார்ந்தது அந்தப் பதிலுக்காகத்தான். பதில் வராமலே கண்மூடிய பெற்றோர் பலர்.

அந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். படம், அடையாள அட்டைப் பிரதி, முறைப்பாட்டுத் துண்டு, கிராம சேவையாளரின் கடிதம். 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க வந்த பரணகம ஆணைக்குழு, பிறகு காணாமல் போனோர் அலுவலகம் என்று எத்தனையோ பேருக்கு முன்னால் அந்தப் பை அவிழ்ந்திருக்கிறது. ஆற்றுப்படுத்தப் போகும் நீங்களும் முதல் சந்திப்பிலேயே "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று தொடங்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். தட்டில் சோறு போட்டு வைக்கிறார்கள், பிறந்தநாளுக்குச் சட்டை வாங்குகிறார்கள் என்றால் அதை மனநோய் என்று எழுதிவிடாதீர்கள். நித்திரையில்லை, சாப்பாடில்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொன்னால் தாமதிக்காமல் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

காணி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் அலுவல்களுக்காக மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி நெருக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். 2016இல் திருத்தப்பட்ட இறப்புப் பதிவுச் சட்டப்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்காமலே அந்த அலுவல்களை நகர்த்த அது உதவும். எதை எடுப்பது, எடுக்காமலே விடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. பிரதேச செயலகத்துக்குத் துணைக்குப் போங்கள், கையெழுத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

செத்த வீட்டுச் செலவிலும் கவனம் வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் நுண்கடன் எடுக்கும் பெண், பிறகு கிழமைக்குக் கிழமை கடன் தவணைக் கட்டுக்காசுக்காக ஓடுகிறாள். உறவில் மூத்தவர் ஒருவர் முன்னுக்கு வந்து "சின்னதாகச் செய்வம், பிள்ளை" என்றால் அவளுக்கு மூச்சு வரும். மரண உதவிச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் உறுப்பினரா என்று பேரேட்டைப் பாருங்கள். பறை அடிக்கவும் சுடலை வேலைக்கும் ஒரு சாதியாரைத் தேடிப் போய்விட்டு, அவர்கள் வீட்டுச் சாவுக்கு எட்டிப் பார்க்காமல் இருப்பதை வழக்கம் என்று சொல்லி நியாயப்படுத்த வேண்டாம்.

முப்பத்தொன்று முடிந்ததும் கதிரைகள் திரும்பிப் போகும், சனமும் வராது. வேலியடைப்பு, மின்சாரக் கட்டணம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் கணவனை இழந்தவளின் தலையில் விழுவது அப்போதுதான். அந்த மாதங்களில் போங்கள். பொட்டில்லாமல் நிற்கிறாள் என்று சாமத்திய வீட்டிலும் கலியாண வீட்டிலும் அவளைப் பின்னுக்குத் தள்ளாமல், சொந்த மகளின் காரியத்தில் அவளையே ஆலத்தி எடுக்கச் சொல்லுங்கள்.