நாடுகடத்தல் எண்ணிக்கையைப் படிப்பது எப்படி?

அமெரிக்கா இத்தனை லட்சம் பேரை நாடுகடத்தியது என்று ஒரு எண் கண்ணில் பட்டால், முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ‘ரிமூவல்’ என்றால் முறையான உத்தரவின் பேரில் வெளியேற்றுவது. பெரும்பாலும் 5, 10 அல்லது 20 ஆண்டுகள் மறுநுழைவுத் தடை உண்டு. ‘ரிட்டர்ன்’ என்றால் அந்த உத்தரவு இல்லாமல் திருப்பி அனுப்புவது. இரண்டையும் கூட்டிச் சொன்னால் எண் வீங்கிவிடும். எண்ணைப் பற்றிய பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, ஆண்டு. அங்கே நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. 2025 நிதியாண்டு பைடன் ஆட்சியில் தொடங்கி டிரம்ப் ஆட்சியில் முடிந்தது. மொத்தத்தையும் ஒருவர் கணக்கில் எழுதுவது தவறு.

யாரைச் சேர்த்தார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்கக் குடியேற்ற அமலாக்க அமைப்பான ஐசிஇ (ICE) 2012 நிதியாண்டில் காட்டிய 4,09,849 வெளியேற்றங்களில் எல்லையில் பிடிபட்டவர்களும் அடக்கம். நாட்டுக்குள்ளே குடும்பத்தோடு வாழ்ந்தவரைப் பிடித்து அனுப்புவது வேறு விஷயம்; அந்த எண்ணைத் தனியாகத் தேடுங்கள்.

எல்லையில் பிடிபட்ட கணக்கு ஆட்களை அல்ல, நிகழ்வுகளை எண்ணுகிறது. 2020 மார்ச் முதல் 2023 மே வரை ‘டைட்டில் 42’ என்ற பெருந்தொற்றுக் கால சுகாதார விதியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு மறுநுழைவுத் தடை விதிக்கப்படவில்லை. அதனால் பலர் மறுபடியும் முயன்றார்கள்; ஒரே ஆள் மூன்று முறை முயன்று பிடிபட்டால், மூன்று என்றே பதிவானது.