வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்கு வாட்ஸ்அப் குரூப் அமைப்பது எப்படி?

பாட்டி, வகுப்பாசிரியை, ஸ்கூல் வேன் டிரைவர், பக்கத்து வீட்டு அக்கா: குழந்தை யார் பொறுப்பில் இருக்குமோ அவர்கள் மட்டும் இந்த குரூப்பில் இருந்தால் போதும். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குடும்ப குரூப் இதற்கு ஆகாது. பாதிப் பேர் அதை மியூட்டில்தான் வைத்திருப்பார்கள்.

குரூப் டிஸ்கிரிப்ஷனில் குழந்தையின் எடை, எதற்கெல்லாம் அலர்ஜி, மருந்து இருக்கும் இடம், பெற்றோர் எண்கள், 108 எல்லாம் எழுதுங்கள். குரூப்பின் மேலே பின் (pin) செய்த மெசேஜ் அதிகபட்சம் 30 நாளில் விலகிவிடும். டிஸ்கிரிப்ஷன் அப்படியே இருக்கும். டாக்டர் தந்த அவசரத் திட்டத்தையும் போட்டோவாகப் போடுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பாட்டிக்கு அதையே வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். கடுமையான அலர்ஜிக்குப் போடும் ஊசி மருந்தான அட்ரினலின் ஆம்பூலாக (சின்னக் கண்ணாடிக் குப்பியாக) இருந்தால், சிரிஞ்சில் எடுத்துப் போடும் விதத்தை டாக்டரிடம் எல்லோரும் நேரில் பழகிக்கொள்ள வேண்டும். குரூப்பில் போடும் வீடியோ ஞாபகப்படுத்த மட்டுமே.

புதுத் தின்பண்டம் எதுவானாலும், கொடுப்பதற்கு முன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போன மாதப் படத்தை நம்ப வேண்டாம், சேர்மானம் மாறியிருக்கலாம். ஹோட்டல் சட்னிக்கு லேபிளே கிடையாது. தேங்காயோடு வேர்க்கடலையும் சேர்த்து அரைக்கும் இடங்கள் நிறைய. பதில் “கொடுக்கலாம்”, “வேண்டாம்” என்று எழுத்திலேயே வரட்டும். கட்டைவிரல் எமோஜி போட்டால், பார்த்துவிட்டேன் என்கிறார்களா, கொடு என்கிறார்களா என்று எப்படித் தெரியும்? பதில் வராவிட்டால் கொடுக்கக் கூடாது.

உதடு, நாக்கு வீங்கி, குரல் கம்மி, இருமல், மூச்சிரைப்பு வந்தால் டைப் செய்துகொண்டிருக்காதீர்கள். திட்டத்தில் உள்ளபடி அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். அப்புறம்தான் பெற்றோருக்கு போன். செட்ரிசின் என்ற அலர்ஜி மருந்து அரிப்பைத்தான் குறைக்கும்; தொண்டை வீக்கத்தையோ ரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது. குழந்தையைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். என்ன சாப்பிட்டது, ஊசி போட்டது எத்தனை மணிக்கு என்பதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம், ஆம்புலன்ஸில் வருபவர்களும் முதல் ஊசி போட்ட நேரத்தைக் கேட்பார்கள்.

மாதம் ஒருமுறை மருந்தின் காலாவதி தேதியையும் குழந்தையின் எடையையும் குரூப்பில் போடுங்கள். அட்ரினலின் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதால், எடை கூடியிருந்தால் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்ற வேண்டும். மருந்து பழுப்பாகவோ கலங்கலாகவோ தெரிந்தால் தேதி பாக்கி இருந்தாலும் புதிது வாங்கிவிடுங்கள். வேனிலோ வெயிலிலோ வைத்த மருந்து சீக்கிரம் கெட்டுவிடும்.