பெண்ட் ரேஞ்சைப் பார்த்துவிட்டு மேடை ஏறுங்கள்

தேவிபட்டினம் முதல் தங்கச்சிமடம் வரை, கோயில் திருவிழாவிலும் சர்ச் திருவிழாவிலும் புதிதாகக் கீபோர்டு வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு விரல் நன்றாகவே ஓடுகிறது. சறுக்குவது சுரத்தை வளைக்கும் வீலிலும் காலால் அமுக்கும் பெடலிலும்தான். வயரை மாற்றிச் செருகுவது மாதிரியான தவறுகளை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெண்ட் ரேஞ்சைப் பார்க்காமல் வாசிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெண்ட் ரேஞ்ச் என்பது வீலை முழுசாகத் தள்ளினால் சுரம் எவ்வளவு தூரம் வளையும் என்ற அளவு. இந்த பிட்ச் வீல் சுரத்தை அனுப்புவதில்லை. 0 முதல் 16383 வரை ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது, நடு 8192. அந்த எண்ணுக்கு எத்தனை அரைச்சுரம் (ஒரு கட்டையிலிருந்து கறுப்போ வெள்ளையோ அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) என்பதைத் தீர்மானிப்பது ஒலி எழுப்பும் சின்த். மிடி என்பது கீபோர்டும் சின்த்தும் பேசிக்கொள்ளும் முறை; அதன் பொது விதியான ஜெனரல் மிடி வழக்கப்படி மேலே 2, கீழே 2. ஆனால் 12 வைத்த டோன்களும் (வாத்திய ஒலிகளும்) உண்டு. லேப்டாப் சின்த்களிலோ ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைய வேண்டும். சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு பக்கமும் சரியாக 2 அரைச்சுரம். ரேஞ்ச் 2 என்றால் வீலின் முழு ஓட்டமும் கமகத்துக்குக் கிடைக்கும். 12 என்றால் ஆறில் ஒரு பங்குக்குள் விரலை அடக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் சுரம் எங்கோ போய்விடும்.

ஒரு திருவிழாவில் அப்படித்தான் ஆனது. வீட்டில் 2-இல் பழகிய தம்பி, வாடகைக் கீபோர்டில் நாதஸ்வர டோன் வைத்துக் காந்தாரத்தை அசைத்தான். சுரம் ஒரு ஸ்தாயி மேலே பாய்ந்தது. பாடியவர் பல்லவியிலேயே நின்றுவிட்டார். மறு வருஷம் அந்தக் குழுவுக்கு அழைப்பு வரவில்லை. ரேஞ்ச் என்று ஒன்று இருப்பதையே அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. என் கோபம் அங்கேதான்.

சோதிக்க ஒரு நிமிஷம் போதும். ஸ அமுக்கி வீலை முழுசாக மேலே தள்ளுங்கள். சதுஸ்ருதி ரிஷபம் கேட்டால் ரேஞ்ச் 2. இல்லையென்றால் செட்டிங்கில் மாற்றுங்கள். மிடி வழியாக அனுப்புவதென்றால் கன்ட்ரோல் எண் 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 2 என்று இதே வரிசையில், ஒவ்வொரு சேனலுக்கும் (ஒரு டோன் ஓடும் மிடி தடத்துக்கும்) அனுப்புங்கள். டோன் மாற்றினால் மறுபடியும் காதால் பாருங்கள்.

அப்புறம், பெண்ட் அந்தச் சேனல் முழுவதையும் வளைக்கும். இடது கை கார்டும் அதே சேனலில் இருந்தால் அதுவும் சேர்ந்து வழுக்கும். சேனலைப் பிரித்து வையுங்கள்.

வால்யூமும் எக்ஸ்பிரஷனும்

வால்யூம் என்ற கன்ட்ரோல் 7 குழுவுக்குள் உங்கள் அளவை நிறுத்த, எக்ஸ்பிரஷன் என்ற 11 ஒரு வரிக்குள் ஏற்றி இறக்க. கால் பெடலுக்கு 11-ஐக் கொடுங்கள். 7-ஐக் கொடுத்தால் மிக்சரில் இருப்பவர் சரிசெய்ததை ஒவ்வொரு வரியிலும் கலைத்துவிடுவீர்கள்.

சஸ்டெய்ன் பெடல்

சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்கும் பெடல் இது. கீபோர்டை ஆன் செய்யும்போது இதன் மேல் காலை வைக்காதீர்கள். வைத்தால் பல கீபோர்டுகளில் பெடல் தலைகீழாக வேலை செய்யும்.

ஆஃப்டர்டச்

கட்டையை அமுக்கிய பின் மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் வசதி இது. பல கீபோர்டுகளில் கிடையாது. வாங்கும் முன் கேளுங்கள்.

உப்புக்காற்று

பாம்பன் பக்கம் வாசித்தால் முடிந்த உடனே உறை போட்டு மூடுங்கள். தொடாமலே சுருதி நடுங்கினால் வீலுக்கு அடியிலுள்ள பாகத்தைப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.