பெட்டி நிறைய காமன் கார்டு கிடக்கிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளில் இது இப்போது சகஜம். கடைக்குப் போகும்போதெல்லாம் பையனோ பெண்ணோ ஒரு பேக் பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) கேட்டு வாங்கும், கராஜைக் காலி செய்யும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய பெட்டி ஒன்றையும் பாசமாகக் கொடுத்துவிடுவார், இரண்டே வருடத்தில் அலமாரியின் அடித்தட்டு முழுக்கக் கார்டு. பிடித்த ஆட்டக்காரர்களைப் பிள்ளை பைண்டரில் சொருகிக்கொள்ளும். மிச்சமிருக்கும் காமன்ஸ், அதாவது பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரர்களின் சாதாரண கார்டுகளை என்ன செய்வது?

முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். டாப்ஸ் என்ற நிறுவனம் 1952ல் அச்சிட்ட, ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன செய்தியைப் படித்துவிட்டு, பழைய கார்டு என்றாலே புதையல் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த வரிசைக் கார்டுகள் அப்போது விற்காமல் தேங்கின. பெட்டி பெட்டியாக அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினோம் என்று டாப்ஸ் நிறுவன அதிகாரி சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அதனால்தான் அவை அரிது. 80களின் பிற்பகுதியில் நடந்தது நேர்மாறு. பழைய கார்டுகளின் விலை ஏறுவதைப் பார்த்த மக்கள் எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார்கள், டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர், ஸ்கோர், அப்பர் டெக் என்று எல்லா நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின, 1994ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிச் சாம்பியன் தொடரே ரத்தானதும் மோகம் இறங்கிவிட்டது. ஏறக்குறைய 1987 முதல் 1993 வரையிலான கார்டுகள் இன்றும் மலையாகக் கிடக்கின்றன. 792 கார்டு கொண்ட 1987 டாப்ஸ் முழு செட்டே, ஒரு குடும்பம் வெளியே போய் பீட்சா சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். அதில் ஒரு காமன் கார்டுக்கு என்ன வந்துவிடும்?

ஆனால் விலை இல்லை என்பதால் வேண்டுவார் இல்லை என்று ஆகாது. கலந்து கட்டிய பெட்டியாக யாரிடம் நீட்டினாலும் தயங்குவார்கள். அதையே அணிவாரியாகப் பிரித்து, ஃபில்லீஸ் (ஃபிலடெல்ஃபியா அணி) ரசிகருக்கு ஃபில்லீஸ் கார்டாக ஐம்பது கொடுத்துப் பாருங்கள், முகம் மலரும். ஆகவே முதல் வேலை பிரிப்பது. ஒரு சனிக்கிழமை மதியம் பிள்ளையையும் உட்கார வைத்து, தரையில் பரப்பி, அணிக்கு ஒரு குவியல் போடுங்கள். இப்போது 30 அணிகள், பழைய பெட்டி என்றால் 26 தான் இருக்கும். மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அந்த அணி 2005ல் வாஷிங்டனுக்குப் போய்ப் பெயரும் மாறிவிட்டது, அதன் ரசிகர்களுக்குச் சாதாரண கார்டு மேலும் பிரியம் அதிகம்.

பிரிக்கும்போதே காமன் மாதிரி தெரிகிற, ஆனால் காமன் இல்லாத கார்டுகளைப் பிடித்துவிட வேண்டும். 1989 அப்பர் டெக்கில் 1ஆம் எண், கென் கிரிஃபி ஜூனியர். 1990 டாப்ஸில் முன்பக்கம் பெயரே அச்சாகாத ஃப்ராங்க் தாமஸ். 1991 டாப்ஸில் பொன்னிறப் பனைமர முத்திரை இருந்தால் அது வளைகுடாப் போரின்போது ராணுவ வீரர்களுக்கு அனுப்பிய வரிசை, அதில் யார் படம் இருந்தாலும் மதிப்புண்டு (போலி முத்திரையும் உலவுகிறது, விற்கும் முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்). புதிய கார்டுகளில் 25/99 போல (99 மட்டுமே அச்சானதில் 25ஆவது என்று) எண் அச்சிட்டது, ஓரத்தின் நிறம் மாறியது, ஆர்சி என்ற ரூக்கி (புதுமுக ஆட்டக்காரர்) முத்திரை உள்ளது, இவற்றைத் தனியே வையுங்கள். டாப்ஸ் கார்டின் பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதன் கடைசி இலக்கங்கள் மற்ற கார்டுகளிலிருந்து மாறியிருந்தால் அது குறைவாக அச்சான படமாக இருக்க வாய்ப்பு உண்டு. பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும், பிள்ளைகளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழி. அந்தக் காமன் கார்டில் இருக்கும் ஆட்டக்காரருக்கே அதை அனுப்பிக் கையெழுத்துக் கேளுங்கள். நட்சத்திரங்களுக்குக் கடிதம் மூட்டை மூட்டையாக வரும், பதில் கிடைப்பது அபூர்வம். பெஞ்சில் உட்காரும் கேட்சர், ஏழாவது இன்னிங்ஸில் வந்து பந்து வீசும் ரிலீஃப் பிட்சர், இவர்களுக்கு ஒரு குழந்தை கைப்பட எழுதிய கடிதம் வருவது பெரிய விஷயம், அவர்களில் பலர் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை எல்லா அணிகளும் ஃப்ளோரிடாவிலோ அரிசோனாவிலோ ஸ்பிரிங் ட்ரெயினிங்கில், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சியில் இருக்கும், அந்த மைதானத்தின் முகவரிக்கு ஆட்டக்காரர் பெயர் போட்டு அனுப்புவது நல்லது. ஒரு கவரில் ஒன்றிரண்டு கார்டு போதும். உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு கவரையும் மடித்து உள்ளே வையுங்கள், இல்லையென்றால் திரும்பி வராது. கடிதம் நாலைந்து வரி, பிள்ளையே எழுதட்டும், அவருடைய எந்த ஆட்டம் பிடித்தது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். 1987 டாப்ஸ் போன்ற பழைய வழவழப்பில்லாத அட்டையில் நீல ஷார்ப்பி மார்க்கர் பேனா அருமையாகப் பிடிக்கும். பளபளப்பான கார்டில் மை திரளும், அதனால் முன்பே துளி பேபி பவுடர் தொட்டு மெல்லத் துடைத்துவிட்டு அனுப்புங்கள். சில கார்டுகள் திரும்பாமலே போகும், காமன் என்பதால் நஷ்டமில்லை. வந்த கார்டோ, இனி காமன் அல்ல.

வீட்டிலேயே பயன்படுத்தவும் வழி உண்டு. 90களில் ஊரில் நாம் டபிள்யூ டபிள்யூ எஃப் ட்ரம்ப் கார்டு ஆடினோமே, அதே ஆட்டத்தை இதில் ஆடலாம். பின்பக்கம் வருடவாரியாகக் கணக்கு இருக்கிறது, ஹோம் ரன், ஸ்டோலன் பேஸ், ஹிட் என்று கேட்டு யாருடையது அதிகமோ அவர் கார்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிட்சர் கார்டுகளை மட்டும் தனிக் கட்டாக வையுங்கள், அவர்களின் கணக்கு வேறு. தசமம் படிக்கும் வயதுப் பிள்ளை என்றால் பேட்டிங் ஆவரேஜை விரலால் மறைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: ஹிட்டை அட்-பேட்டால் (பேட் பிடித்த முறைகளால்) வகுக்க வேண்டும், 500 அட்-பேட்டில் 150 ஹிட் என்றால் .300. பயிற்சித் தாளைப் பார்த்தால் ஓடும் பிள்ளை இதற்கு உட்காரும். ஆசிரியர்களும் இதற்காகக் கார்டு வாங்கிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

கொடுப்பதற்கு ஹாலோவீன் நல்ல நாள். பத்துப் பன்னிரண்டு கார்டு, மேலே ஓரளவு தெரிந்த முகம் ஒன்று, ஊர் அணிக் கார்டு இரண்டு, சின்னப் பையில் போட்டுச் சாக்லேட்டோடு வையுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு உண்மையாகவே இது பெரிய சந்தோஷம். பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டிலும் போடலாம். தெருமுனையில் இருக்கும் லிட்டில் ஃப்ரீ லைப்ரரி பெட்டியில் ஒரு சின்னக் கட்டு வைக்கலாம், புத்தக இடத்தை அடைக்காத அளவுக்கு மட்டும். குழந்தைகள் மருத்துவமனைக்கு என்றால் முதலில் போன் செய்யுங்கள், தொற்று பயத்தால் பல இடங்களில் பிரிக்காத புதுப் பொருளை மட்டுமே வாங்குவார்கள். கார்டு கடை வாசலில் சொல்லாமல் பெட்டியை வைத்துவிட்டு வருவது கூடவே கூடாது, அவர்களிடமே இடமில்லாமல் அடுக்கி வைத்திருப்பார்கள்.

விற்கத்தான் வேண்டும் என்றால் அணிவாரிக் கட்டாக, உள்ளூரில், நேரில் விற்றுவிடுங்கள். 5000 கார்டுப் பெட்டி சுமார் 9 கிலோ வரும், தபால் செலவே வருமானத்தைத் தின்றுவிடும், புத்தகம் போன்றவற்றுக்கான மலிவான மீடியா மெயில் தபாலில் கார்டு அனுப்பவும் அனுமதி இல்லை. செட் சேர்ப்பவர்களோடு மாற்றிக்கொள்வது இதைவிட மேல்: அவரிடம் இல்லாத எண்கள் உங்களிடம் இருக்கும், உங்கள் பிள்ளை தேடும் கார்டு அவரிடம் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுவது மடங்கியது, ஈரம் பட்டது, ஒட்டிக்கொண்டது தான். பழைய வெறும் அட்டைக் கார்டு காகித மறுசுழற்சிக்குப் போகலாம். ஃபாயில், குரோம், பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை அதில் சேராது, சாதாரணக் குப்பைதான். கார்டு போடும் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவையும் மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் ஸ்லீவ், டாப்லோடர் (கெட்டியான பிளாஸ்டிக் உறை) எல்லாவற்றையும் பிள்ளையின் நண்பர்களுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் கடையில் கேளுங்கள், கார்டைப் போல இல்லை, இதை மட்டும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.