மட்லேன் றிஃபோவுக்கு நாலு அட்டை: வாசிகசாலைச் சுவர்க் காட்சி செய்யும் முறை

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கப் போராளி, போர்முனைச் செய்தியாளர் மட்லேன் றிஃபோவைப் பற்றிச் சனசமூக நிலைய வாசிகசாலையில் காட்சி வைக்க நாலு பிறிஸ்டல் அட்டை போதும். பிழை வருவது பெரும்பாலும் அட்டையைப் பங்கிடும்போதுதான். 1944இல் அவர் ஜேர்மன் படையினர் ஒருவரைச் சுட்ட சம்பவம் மூன்று அட்டையைத் தின்றுவிடும், மிச்ச வாழ்க்கை மூலையில் ஒடுங்கிவிடும். 1924இல் பிறந்து, 2024 நவம்பர் 6இல் 100 வயதில் காலமானவர் அவர். ஆயுதம் ஏந்திய காலம் 20 வயதோடு முடிகிறது. அதனால் இளமைக்கு ஒன்று, 1944க்கு ஒன்று, செய்தியாளர் பணிக்கு இரண்டு என்று ஒதுக்குங்கள்.

பெயரை முதலே முடிவு செய்யுங்கள். கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்காது, ஆகவே ‘றிஃபோ’. ‘றிஃபாட்’ என்று எழுதக் கூடாது. இயக்கப் பெயர் ‘றைனர்’. ஜேர்மன் மொழிக் கவிஞர் றில்கவின் முதற்பெயர் அது. முதல் அட்டையில், காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருந்தபோது எதிர்ப்பியக்கத்துக்குள் வந்த செய்திக்குப் பக்கத்தில் இதைப் பெரிதாக எழுதுங்கள். ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பெண் ஜேர்மன் மொழிக் கவியின் பெயரைச் சூடிக்கொண்டாள் என்பதைப் பிள்ளைகள் நின்று வாசிக்க வேண்டும்.

இரண்டாவது அட்டையில் இரண்டு 23ஆம் திகதிகள் குழப்பும். 1944 ஜூலை 23இல் பட்டப்பகலில் பாரிஸ் சொல்ஃபெறினோ பாலத்தில் ஜேர்மன் படையினர் ஒருவரைச் சுட்டார். பிடிபட்டார், சித்திரவதைப்பட்டார், கைதிகள் பரிமாற்றத்தில் மீண்டார். ஆகஸ்ட் 23, அவரது 20ஆவது பிறந்தநாள். அன்று பாரிஸின் பியூத் ஷோமோன் பூங்காப் பக்கம் மூன்று தோழர்களோடு ஒரு ரயிலைச் சுரங்கத்தில் மடக்கினார், 80 படையினர் சரணடைந்தனர். ஜூலைக்குச் சிவப்பும் ஆகஸ்டுக்கு நீலமும் பூசினால் மாறாது.

பாரிஸ் லாச்சப்பலில் உள்ள சொந்தக்காரரிடம் பாலத்தின் படம் கேட்டால் இன்றைய நடைபாலத்தின் படம்தான் வரும். 1944இல் இருந்த பாலம் 1961இல் இடிக்கப்பட்டது, இப்போதுள்ளது 1999இல் திறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளையும் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது அட்டைக்கு உலகப்படம் ஒட்டி, பாரிஸிலிருந்து அல்ஜீரியாவின் ஓரான் நகரத்துக்கும் வியட்நாமுக்கும் நூல் கட்டுங்கள். அல்ஜீரியப் போரை எழுதப் போனவர் 1962இல் ஓரானில் ஓஏஎஸ் என்ற, அல்ஜீரிய விடுதலையை எதிர்த்த பிரெஞ்சு இரகசிய ஆயுத அமைப்பின் தாக்குதலில் படுகாயமடைந்தார். பிறகு ‘லுமனித்தே’ பத்திரிகைக்காக ஆண்டுக்கணக்கில் வியட்நாம் போரை எழுதினார், தென் வியட்நாமில் கெரில்லாக்களோடு காட்டிலும் இருந்தார். நாலாவது அட்டையில் ஆஸ்பத்திரி: தான் யார் என்று காட்டாமல் பாரிஸில் சிற்றூழியராக வேலை செய்து, 1974இல் அதை நூலாக்கினார். எங்கள் பார்வையில் அவரது துணிவை அறிய இந்த அட்டைதான் முக்கியம், இதை வெட்டாதீர்கள்.

அட்டைக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். தலைப்பு 5 சென்ரிமீற்றர், உள்ளெழுத்து 2. தடித்த மார்க்கர் பிடித்தால் ண, ஐ, இ ஆகியவற்றின் சுழி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும், உள்ளெழுத்துக்கு மெல்லிய முனையே எடுங்கள். பசையை நடுவில் தடவாமல் நாலு ஓரமும் மட்டும் தடவுங்கள், படம் கொப்புளிக்காது.